கோமாரி, பறவைக் காய்ச்சல் மாதிரி கால்நடை நோய்களால் ஒரு நாட்டின் பொருளாதாரமே பாதிக்கப்படுமா?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்: "இந்தியப் பொருளாதாரத்தில் கால்நடைகளின் பங்கு ஐந்து, ஆறு சதவீதம்தானே? அதில் கொஞ்சம் மாடும் கோழியும் செத்தால் என்ன ஆகிவிடப் போகிறது?" நியாயமான சந்தேகம்தான். ஆனால் கோமாரியில் பெரிய மாடு சாவது குறைவு. சாகாத மாட்டில்தான் நஷ்டமே.

எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ரேஷன் கார்டு கேரளம், வீட்டில் பேச்சு தமிழ். மாடு வாங்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போவோம், பாலைக் கேரளப் பால் கூட்டுறவான மில்மாவின் சொசைட்டியில் ஊற்றுவோம். கல்லூரி முடித்து வேலை கிடைக்காமல் இருந்த நாளில் பக்கத்துச் சொசைட்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2013 கோமாரி வந்தது அப்போதுதான்.

ஒருநாள் விடிகாலையில் எங்கள் ஜெர்சி கலப்பு மாடு வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தரை வரைக்கும் தொங்க நின்றது. தவிட்டுத் தண்ணீரில் மூக்கை வைத்து எடுத்துவிட்டது. சப் சப் என்று வாயைக் கொட்டும் சத்தம் கேட்டதுமே அப்பா லாந்தரைக்கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டார். நாக்கில் கொப்புளம், குளம்பு இடுக்கில் புண், காலை உதறி உதறி வைத்தது. அம்மா சீரகம், வெந்தயம், மிளகை ஊறவைத்து, பூண்டும் மஞ்சளும் சேர்த்து அரைத்து, தேங்காயும் வெல்லமும் பிசைந்து நாக்கில் தடவினாள். காலுக்குக் குப்பைமேனியும் வேப்பிலையும் நல்லெண்ணெயில் காய்ச்சி ஊற்றினோம். மூன்று வாரத்தில் புண் ஆறிவிட்டது. கன்று மட்டும் நான்காம் நாள், மடிக்கு வந்து முட்டியபடியே சரிந்து போனது. இளங்கன்றுகளுக்கு இந்த நோய் இதயத்தில் இறங்கும்.

கணக்கெடுக்க வந்தவர் எழுதிக்கொண்டது: சாவு, ஒரு கன்று.

மாடு பிழைத்துவிட்டது, சரி. ஆனால் நாளுக்குப் பதினொரு லிட்டர் கறந்தது மூன்றுக்கு இறங்கி, அப்புறம் ஐந்துக்கு ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. பங்குனி வெயிலில் புளியமரத்து நிழலில் நின்றாலும் நாக்கைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்கும். கோமாரி கண்டு தேறிய மாடுகள் சிலவற்றுக்கு இப்படி ஆகும், உடம்புச் சூட்டைத் தாங்காது, மயிர் முரடாக வளரும். மூன்று முறை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை. நாற்பத்திரண்டாயிரத்துக்கு வாங்கிய மாடு அது, கடன் பாதிதான் கட்டியிருந்தோம். கடைசியில் சந்தைக்கு ஓட்டிப் போனோம். தரகர் துண்டைப் போர்த்தி, விலை சொல்ல அப்பாவின் விரலைப் பிடித்தார். அப்பா கையை உருவிக்கொண்டார். அன்றைக்கு மதியம் வரைக்கும் நின்றுவிட்டு, அதே விலைக்குத்தான் கொடுத்தோம், பதினைந்தாயிரம்.

இந்த இருபத்தேழாயிரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 'மாடு விற்பனை' என்று வேண்டுமானால் ஏறியிருக்கும்!

சொசைட்டிப் பேரேட்டில் இன்னொன்றையும் பார்த்தேன். தினமும் தொள்ளாயிரம் லிட்டருக்குப் பக்கத்தில் வந்த பால் ஒரு மாதத்தில் ஐந்நூற்றுச் சொச்சத்துக்கு வந்தது. பட்டுவாடா நாளில் தீவனக்கடைக்காரர் சொசைட்டித் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார், கடன் பிடித்துக்கொள்ள. அந்த மாதம் அவர் பாதிப் பேரிடம் கேட்கவேயில்லை. கேட்டால் வராது என்று தெரியும். பசும்புல் அறுத்து விற்கிற பெண்களுக்கு வாங்க ஆளில்லை. கேன் ஏற்றும் ஆட்டோக்காரர் இரண்டு நடையை ஒரு நடையாக்கினார். இவர்கள் யாரும் புள்ளிவிவரத்தில் 'கால்நடை' என்ற பத்தியில் வரமாட்டார்கள். வியாபாரம், போக்குவரத்து, கூலி என்று வேறு வேறு பத்தியில் இருப்பார்கள். உங்கள் ஐந்து சதவீதத்தில் அவர்கள் இல்லை.

இதோடு எல்லை வேறு. அந்த வருடம் கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் மூன்றிலும் நோய் இருந்ததால் சோதனைச் சாவடியில் மாட்டு வண்டிகளைத் திருப்பினார்கள். கேரளத்துக்கு இறைச்சி மாடும் கறவை மாடும் பெரும்பாலும் கிழக்கேயிருந்துதான் வரவேண்டும். வண்டி நின்றால் அந்தப் பக்கம் விற்கிறவனுக்கு விலை விழும், இந்தப் பக்கம் வாங்குகிறவனுக்கு விலை ஏறும். நடுவில் நல்ல மாட்டுக்கும் அதே கதிதான். மறுவருடமே காட்சி மாறியது. 2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தது. இப்போது தமிழ்நாடு எங்கள் கோழி வண்டிகளைத் திருப்பியது, மற்ற வண்டிகளின் டயருக்கு மருந்தடித்தது. ஒரே சாவடி, ஒரே ரோடு. யார் யாரைத் திருப்புவது என்பது மட்டும் வருடத்துக்கு வருடம் மாறும்.

பயம் தனியாக ஒரு நோய். 2006 பிப்ரவரியில் இந்தியாவில் முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் வந்தது மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். நாமக்கல் எங்கே, நவாப்பூர் எங்கே? ஆனாலும் நாடு முழுக்க ஜனம் முட்டையைத் தொடவில்லை, பண்ணைக்காரர்கள் அடக்க விலைக்கும் கீழே விற்றார்கள். நோய் வந்த பண்ணைக்காவது கோழிகளை அழித்ததற்கு இழப்பீடு உண்டு. விலை மட்டும் விழுந்த பண்ணைக்கு யார் கொடுப்பது?

'பங்கு சிறியது' என்பதற்கு இங்கிலாந்தைவிட நல்ல பதில் கிடையாது. அங்கே விவசாயம் மொத்தப் பொருளாதாரத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 2001 பிப்ரவரியில் கோமாரி வந்தது. சரியாக வேகவைக்காத உணவுக் கழிவைத் தின்ற பன்றிகள் வழியாக வந்திருக்கவேண்டும் என்று விசாரணை சொன்னது. நோய் உறுதியான பண்ணைகள் இரண்டாயிரத்துச் சொச்சம். கொன்று எரித்தும் புதைத்தும் தீர்த்தது அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகள். அதில் பெரும்பாலானவை நோயே இல்லாதவை, பக்கத்தில் இருந்த பாவத்துக்காகப் போனவை. கிராமப்புற நடைபாதைகளை மூடினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் தொலைக்காட்சியில் மாடு எரிகிற புகையைப் பார்த்துவிட்டுப் பயணத்தை ரத்து செய்தார்கள். மொத்த இழப்பு சுமார் 800 கோடி பவுண்டு. விவசாயத்தைவிடச் சுற்றுலாத் துறைதான் அதிகம் இழந்தது. மாடே வளர்க்காத விடுதிக்காரர் மாட்டு நோயில் கடையை மூடினார். மே மாதம் நடக்கும் என்று எதிர்பார்த்த பொதுத்தேர்தலே ஜூன் 7-க்குத் தள்ளிப் போனது.

தைவான் இன்னொரு மாதிரி அடி வாங்கியது. 1997 மார்ச்சில் பன்றிகளுக்குக் கோமாரி வந்ததும், அவர்களுடைய பெரிய வாடிக்கையாளரான ஜப்பான் உடனே கதவைச் சாத்தியது. நோயற்ற நாடு என்ற அந்தஸ்தை முழுசாகத் திரும்பப் பெற 2020 ஆகிவிட்டது. அதற்குள் ஜப்பான் வேறு கடை பார்த்துக்கொண்டது. சீனாவில் 2018-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவி, 2019 நவம்பரில் பன்றிக்கறி விலை முந்தைய ஆண்டைவிட இருமடங்குக்கு மேல் போனது. நாட்டின் மொத்த விலைவாசி உயர்வே 4.5 சதவீதத்தைத் தொட்டது.

இந்தியாவுக்கு இந்தக் கதவுப் பிரச்சினை எப்போதும் உண்டு, பழகிவிட்டதால் தெரிவதில்லை. நாம் எருமைக்கறி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசை, வருடத்துக்கு முந்நூறு கோடி டாலருக்கு மேல். ஆனால் வியட்நாம், மலேசியா, எகிப்து என்று போகிறதே தவிர, அதிக விலை கொடுக்கும் ஐரோப்பாவுக்கோ ஜப்பானுக்கோ போக முடியாது. காரணம் கோமாரி. உள்நாட்டில் அது ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாயைத் தின்கிறது என்பது அரசுத் தரப்பில் பலகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. இங்கிலாந்து மாதிரிக் கொன்று தீர்ப்பது இங்கே நடக்காது. பல மாநிலங்களில் சட்டமும் விடாது, மனமும் விடாது. ஆக, தடுப்பூசி ஒன்றுதான் வழி. 2019-இல் கோமாரிக்கும் கருச்சிதைவு நோய்க்கும் சேர்த்து ஐந்து வருடத்துக்கு 13,343 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஐந்து வருடச் செலவு, ஒரு வருட நஷ்டத்தைவிடக் குறைவு.

ஊசியால் முடியாது என்பவர்களுக்கு வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய்) ஞாபகம் இருக்காது. என் அப்பாரு காலத்தில் அது ஊருக்குள் வந்தால் கட்டுத்தரையே காலி, ஏர் ஓட்ட எருது இருக்காது. இந்தியாவில் கடைசியாக அது தலைகாட்டியது 1995-இல், உலகத்திலேயே ஒழிந்ததாக அறிவித்தது 2011-இல். ஆனால் வெக்கைக்கு ஒருமுறை போட்ட ஊசி ஆயுசுக்கும் நின்றது. கோமாரி அப்படியில்லை. வைரஸில் பல வகை, எதிர்ப்பு சில மாதம்தான் நிற்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாட்டின் அத்தனை மாட்டுக்கும் போடவேண்டும், மருந்தைக் குளிர் குறையாமல் கொண்டுவரவும் வேண்டும்.

இதில் எல்லாரும் ஒத்துழைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை எங்கள் தெருவிலேயே பார்க்கலாம். ஊசி போட்டால் ஒன்றிரண்டு நாள் பால் கொஞ்சம் குறையும். பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கு நான்கு கறவை. ஊசிக்காரர்கள் வருகிறார்கள் என்றாலே மாடுகளை வாய்க்கால் பக்கம் ஓட்டிவிடுவார். போன தடவை அப்பா வேலி ஓரமாய்ப் போய்க் கேட்டார்.

"ஏனுங்க மாப்ள, ரெண்டு நாள் பாலுக்குப் பாத்துட்டு இப்படிப் பண்றீங்களே?"

"ஊரு மாட்டுக்கெல்லாம் போட்டாச்சில்லீங்க மச்சான், அப்பறம் எம்மாட்டுக்கு எங்கிருந்து வரப்போவுது?"

பதிமூன்றாயிரம் கோடித் திட்டம் நிற்பதும் விழுவதும் இந்த வேலி ஓரத்தில்தான். மாமாவின் கணக்கும் தப்பில்லை, மற்றவர்கள் எல்லாரும் போட்டுக்கொள்ளும் வரைக்கும். ஆனால் அன்றைக்கு வாய்க்காலில் அவர் மாடுகளோடு இன்னும் மூன்று வீட்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.