பிஸ்டலில் வெற்றுக் கூடு நட்டுக்குத்தலாகச் சிக்குவது ஏன்?

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் சுட்டபின் வெற்றுக் கூடு வெளியே பறக்காமல் ஸ்லைடில் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) மாட்டி நிற்பதுதான் 'ஸ்டவ்பைப்'. ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போகாததே வழக்கமான காரணம். பெரும்பாலும் மணிக்கட்டுதான் குற்றவாளி: பிடி தளர்ந்தால் ஃபிரேமும் (கைப்பிடியுள்ள அடிப்பகுதி) சேர்ந்து பின்வாங்கி, ஸ்லைடின் வேகம் வீணாகும். ஆடும் பலகையில் ஆணி இறங்காதல்லவா, அதேதான். பிடி சரியென்றால் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியில் கரி படிந்திருக்கலாம், அல்லது தோட்டாவில் வெடிமருந்து குறைவாக இருக்கலாம்.

கூடு சிக்கினால், துப்பாக்கி முனை இலக்குப் பக்கமே இருக்கட்டும், விரல் டிரிக்கருக்கு வெளியே. தோட்டாக்கள் இருக்கும் மேகசினின் அடியில் ஒரு தட்டு தட்டுங்கள். ஸ்லைடைக் கடைசிவரை இழுத்துச் சட்டென விடுங்கள், கையோடு கொண்டுபோய் மூடாதீர்கள். வெடிச்சத்தம் மந்தமாகக் கேட்டிருந்தால் மட்டும் இதைச் செய்யவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். தோட்டாக்களை எடுத்துவிட்டுக் குழலைச் சோதியுங்கள்.

எண்ணெயைத் தாராளமாக விட்டால் சிக்காது என்பது தவறு. மிகுந்த எண்ணெய் கரியைப் பிடித்துச் சேறாக்கும், ஸ்லைடு ஓடும் தடமான ரெயிலுக்கு ஒரு துளி போதும்.