பழைய இரும்பும் கோபுரப் பொம்மையும்: சில கேள்விகள், சில பதில்கள்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய வாகன உதிரிப்பாகம் பொறுக்கி, கொக்கு, நாய், ஆட்கள் என்று வெல்டிங் செய்து சிற்பமாக்குவது என் வேலை. இருபது வருடத்துக்கு மேலாகிறது. கையால் செய்யும் சிற்பம் பற்றி என்னவும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில்.

வெள்ளவத்தையிலிருந்து: போத்தல் மூடிகளைத் தட்டையாக்கி, செப்புக் கம்பியால் தைத்துத் திரை மாதிரிச் செய்கிறேன். கடற்கரைப் பக்க பல்கனியில் தொங்கவிட ஆசை. எத்தனை நாள் நிற்கும் அக்கா?

நல்ல கேள்வி, உட்காருங்கள். இந்த வழியின் பெரிய ஆள் எல் அனட்சுய். கானாவில் பிறந்தவர், நைஜீரியாவில் இருந்து வேலை செய்தவர். மதுப் போத்தல்களின் அலுமினிய மூடிகளையும் கழுத்துப் பட்டிகளையும் ஆயிரக்கணக்கில் செப்புக் கம்பியால் தைத்து, பட்டுத் துணி போல மடிந்து விழ வைப்பார். 2015இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் அவருக்குக் கிடைத்தது.

ஆனால் அரங்குச் சுவர் வேறு, உங்கள் பல்கனி வேறு. அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் படிந்தால் அது ஒரு சின்ன பற்றரி. அதில் கரைந்து போவது அலுமினியம். முதலில் தையல் ஓட்டைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும், அப்புறம் ஓட்டை பெருக்கும், ஒரு காற்று நாளில் திரை பாதி கீழே கிடக்கும். வெளியில்தான் வேண்டுமென்றால் அலுமினியக் கம்பியாலேயே தையுங்கள். மீன்பிடித் தங்கூசி, அதாவது நைலோன் நூலும் சரி, வெயிலில் அது நொருங்கத் தொடங்கும்போது மாற்ற வேண்டும். சோடாப் போத்தலின் நெளிமூடி என்றால் அது இரும்புத் தகரம், கதையே வேறு: வெளியே தொங்கவிட வேண்டாம். காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு.

தெகிவளை: ரெசினில் பூ வைத்துக் கீ டேக் செய்வது எப்படி? எங்கே வாங்குவது?

என் துறை இல்லை. கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மட்டக்குளி: கராஜில் காலி எண்ணெய்ப் பீப்பாய் நாலு கிடைத்தது. காஸ் கட்டரால் வெட்டி யானை செய்யலாமா?

வேண்டாம் தம்பி. காலிப் பீப்பாய் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. எண்ணெய், தின்னர், பெற்றோல், எது இருந்திருந்தாலும் அடியிலும் மடிப்பிலும் மிச்சம் ஒட்டியிருக்கும். சூடு பட்டால் அது ஆவியாகும். ஆவியும் காற்றும் தகரத்துக்குள் சேர்ந்த பிறகு ஒரு பொறி போதும், வெடித்துவிடும். மூடியைக் கழற்றினேன், சவர்க்காரம் போட்டுக் கழுவினேன் என்பதெல்லாம் உயிருக்கு உத்தரவாதம் ஆகாது. நான் பீப்பாயில் சூடு வைப்பதே இல்லை.

பீப்பாயைக் கலையாக்க வெட்டவும் வேண்டாம். இலங்கை ஓவியர் சந்திரகுப்த தேனுவர 1997இல் பீப்பாய்களை வைத்தே ஒரு கண்காட்சி செய்தார், 'பரலிசம்' என்று பெயர். போர் நடந்த அந்நாள் கொழும்பில் சோதனைச்சாவடி தோறும் ராணுவப் பூச்சோடு நின்ற பீப்பாய்கள்தான் அதன் கரு. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி அவற்றுக்கு நடுவே நடந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பீப்பாய் பீப்பாயாகவே நின்றதில்தான் அதன் பலம்.

பாடசாலை ஆசிரியை ஒருவர்: பிள்ளைகளின் கைகளைப் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸில் வைத்து அச்செடுக்கப் போகிறோம்.

மிஸ், தயவுசெய்து நிறுத்துங்கள். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கட்டி பெரிதென்றால் தோலை வேகவைக்கும் அளவுக்கு. கையும் உள்ளே சிக்கிவிடும், இழுக்க முடியாது. இங்கிலாந்தில் 2007இல் 16 வயது மாணவி ஒருத்தி இப்படித்தான், கலை வகுப்பில், விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். பல் வைத்தியர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் அல்ஜினேட் மாவில் கையை வையுங்கள். கையை எடுத்த பிறகு அந்தக் குழிக்குள் பிளாஸ்டரை ஊற்றுங்கள்.

கல்கிசை: ரெசின் வாங்க நல்ல கடை?

மேலே பாருங்கள்.

பம்பலப்பிட்டி: மெழுகு வார்ப்பில் வெண்கலச் சிலை செய்யப் பழக வேண்டும்.

எனக்குத் தெரியாத வேலை. ஆனால் முதலில் கொழும்பு நூதனசாலைக்குப் போய், பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த நடராசர் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். பின்பக்கத்தையும் பாருங்கள், ஜடையை முடித்திருக்கும் விதத்தை.

கொட்டாஞ்சேனை: என் அப்பா முப்பது வருடமாகக் கோபுர வேலை. சீமெந்தில் கையாலேயே தெய்வம், யாளி, துவாரபாலகர் எல்லாம் செய்வார். அவருக்குப் பெயர் மேசன் பாஸ், வெறும் கொத்தனார். நீங்கள் பழைய சைக்கிள் செயினை ஒட்டினால் சிற்பி. இது என்ன நியாயம்?

நியாயம் இல்லை. மேலே சொல்ல ஒன்றும் இல்லை என்று இங்கேயே நிறுத்தப் பார்த்தேன். அதற்குள் பம்பலப்பிட்டிக்காரர் மறுபடி வந்துவிட்டார்: "கோபுரப் பொம்மை பிரதி வேலை அக்கா. அளவு சாஸ்திரத்தில் இருக்கிறது, நிறம் பெயின்ட் டப்பாவில் இருக்கிறது. கற்பனை எங்கே?"

தம்பி, நீங்கள் சாரத்தில் ஏறிப் பார்த்ததுண்டா? நான் ஏறியிருக்கிறேன். எனக்குக் கம்பிக்கூடு கட்டச் சொல்லித் தந்தவரே கொட்டாஞ்சேனையில் ஒரு கோபுர வேலைக்காரர்தான். கம்பியை வளைத்து, கோழிவலை சுற்றி, சீமெந்துச் சாந்தைக் கரண்டியால் அப்பி, இறுகும் முன் முகத்தை எடுத்துவிட வேண்டும். களிமண் மாதிரி நாளைக்குப் பார்க்கலாம் என்று ஈரத் துணி போட்டு மூட முடியாது. மேல்தட்டு உருவங்களைச் சற்று முன்னால் சாய்த்து வைப்பார், தெருவில் நிற்பவருக்கு முகம் தெரிய வேண்டுமே. ஒரே அளவில் பத்துத் துவாரபாலகர் செய்தாலும் அவர் கை எது, மகன் கை எது என்று மூக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

"அப்படியென்றால் அவர் ஏன் பெயர் போடுவதில்லை?" என்று அடுத்த கேள்வி. நடராசரின் பின்னாலும் பெயர் இல்லையே. கலாபொல என்ற தெருவோரக் கலைச் சந்தை 1993இலிருந்து நடக்கும் தெருவின் பெயர் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. 1877இல் கொழும்பில் பிறந்தவர், கல்லையும் கனிமத்தையும் ஆராய வந்து, ஊர்க் கைவினைஞர்களைப் பார்த்து மனம் மாறியவர். கலைஞன் என்று தனிச்சாதி ஒன்று இல்லை என்பதை வாழ்நாள் முழுக்க எழுதினார். அவர் பெயர்ப் பலகைக்குக் கீழே படம் விற்றுக்கொண்டே நாங்கள் கைவினை வேறு, கலை வேறு என்று பேசுகிறோம்.

மூன்றாவதாக நாரஹேன்பிட்டியிலிருந்து ஒருவர்: "இரண்டுமே குப்பை. ஒன்று சீமெந்துக் குப்பை, ஒன்று இரும்புக் குப்பை." சண்டிகரில் நேக் சந்த் என்ற வீதி மேற்பார்வையாளர் உடைந்த வளையல், ஓடு, பீங்கான் கொண்டு யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் ஆயிரக்கணக்கில் உருவங்கள் செய்தார். இடிக்க வேண்டிய அரசே 1976இல் அதைத் தோட்டமாகத் திறந்துவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். என் கொக்குக்கு நான் கேட்கும் விலையைப் பார்த்தால் மேசன் பாஸுக்கு நாள்கூலி கொடுப்பது வெட்கம்தான். அந்த விலையில் பாதி அரங்கின் குளிரூட்டிக்கும் வெள்ளைச் சுவருக்கும் கொடுப்பது.

வத்தளை: காகிதக்கூழ் முகமூடியைக் கரப்பான் தின்கிறது.

கோதுமை மாப் பசையா? அது கரப்பானுக்குச் சாப்பாடு. பைண்டர் கம் பாவியுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு உள்பக்கமும் சேர்த்து வார்னிஷ். பீப்பாய் ஒன்றும் இல்லையே? சரி.

மருதானை: கல்வனைஸ் குழாயை வெல்டிங் செய்தால் இரவு காய்ச்சல் வருகிறது.

நாகப் புகை, குழாயின் துத்தநாகப் பூச்சு எரிந்து வருவது. பால் குடித்தால் சரியாகும் என்பார்கள், ஆகாது. வெல்டிங் செய்யும் இடத்தில் பூச்சை முதலில் அரைத்து எடுங்கள், அரைக்கும்போதும் சரியான முகக்கவசம் போடுங்கள். காய்ச்சல் விடாவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

இரத்மலானை: ரெசின்...

இல்லை.

கொட்டாஞ்சேனை, மீண்டும்: எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்: உங்கள் கொக்கை மழையில் வைத்தால் எத்தனை வருடம் நிற்கும்?

கடலுக்குக் கிட்ட என்றால் ஐந்தாறு வருடத்தில் கால் போய்விடும் ஐயா. செயின் கண்ணிகளுக்குள் ஈரம் தங்கும், அங்கே பிரஷ் போகாது. போன தடவை செய்ததில் காலுக்கு மட்டும் உப்புக் காற்றைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டேன். உடம்பு விழுந்தாலும் கால் நிற்கும். உங்கள் யாளிக்குள் இருக்கும் கம்பி எப்படி? கடல் மணல் கலந்திருந்தால் உள்ளே துரு ஊதிச் சீமெந்தை வெடிக்கவைக்குமே. அடுத்த ஞாயிறு வந்து பார்க்கலாமா?