கெட்டுப்போனதை ஆங்கிலத்தில் சொல்ல 'ஸ்பாயில்ட்' மட்டும் போதுமா?

'கெட்டுப்போச்சு' என்பதற்கு எல்லா இடத்திலும் 'ஸ்பாயில்ட்' போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், புரியும். ஆனால் ஆங்கிலம் பேசுபவர்கள் பொருளைப் பார்த்துத்தான் பெரும்பாலும் சொல்லை எடுப்பார்கள்.

பழத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். தோலெல்லாம் கரும்புள்ளி விழுந்து, தொட்டால் அமுங்குகிற வாழைப்பழம் 'ஓவர்ரைப்'. அது சாப்பிடக்கூடியதுதான், 'பனானா பிரெட்' செய்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள், இனிப்பு கூடியிருக்கும் என்பதால். உள்ளே அழுகி, நீர் வடிந்து, வாடை வந்துவிட்டால் 'ராட்டன்'. நன்கு கனிந்த பழத்தைப் போய் ராட்டன் என்றால் விற்பவருக்குக் கோபம்தான் வரும். கெட்ட முட்டையும் ராட்டன்தான்.

பால் புளித்தால் 'சவர்'. எண்ணெய், வெண்ணெய், வேர்க்கடலை சிக்கு வாடை அடித்தால் 'ரான்சிட்'. பெரும்பாலும் கொழுப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதால் வரும் வாடை அது. ரொட்டி விறைத்துப்போனால் 'ஸ்டேல்', பூசணம் பிடித்தால் 'மோல்டி'. ஸ்டேல் ரொட்டியை டோஸ்ட் போட்டுச் சாப்பிடலாம், மோல்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அப்புறம், பேச்சு வழக்கில் பால், மீன், இறைச்சி எதுவானாலும் பிரிட்டனில் 'கான் ஆஃப்' என்பார்கள். அமெரிக்காவில் 'கான் பேட்'.