ஆண்டவன் மேல் பழி போடலாமா?

கேள்வி: எங்கள் பக்கம் மெட்ரோ சுரங்கம் தோண்டுகிறார்கள். மீஞ்சூரில் நிலத்தடி நீரை உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். இதனால் வடசென்னையில் பூகம்பம் வருமா? "அது ஆண்டவன் செயல், மனிதனால் ஆகிற காரியமா?" என்கிறார் என் மாமனார்.
– வாசகர், பெரம்பூர்

பதில்: அவரிடம் கொய்னாவைப் பற்றிச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தில் 103 மீட்டர் உயர அணை கட்டி, 1962 வாக்கில் நீரைத் தேக்கினார்கள். தேங்கத் தேங்கச் சிறு நடுக்கங்கள் தொடங்கின. 1967 டிசம்பர் 11 அன்று விடியுமுன் 6.3 ரிக்டர் அளவில் நிலம் குலுங்கி, ஏறத்தாழ 180 பேர் மாண்டார்கள். தக்காணப் பாறை அசையாது என்று நம்பியிருந்த இடம் அது. அங்கே நடுக்கம் இன்னும் ஓயவில்லை.

மாமனார் சொல்வதில் பாதி உண்மை. பூமியைக் குலுக்கும் சக்தி மனிதனுடையது அல்ல. பாறைப் பிளவுகளில் காலங்காலமாக இறுக்கம் சேர்ந்திருக்கிறது; இரு பக்கமும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருப்பதால் நகராமல் கிடக்கிறது. அணைநீரின் பாரமும், பிளவுக்குள் இறங்கும் நீரின் அழுத்தமும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. என்றைக்கோ வரவேண்டியதை இன்றைக்கே வரவழைப்பவன் மனிதன். தென் கொரியாவின் போஹாங்கில் புவிவெப்ப மின்சாரத்துக்காக ஆழத்தில் நீரைச் செலுத்தினார்கள். 2017இல் 5.4 அளவில் நடுங்கியது. அந்தத் திட்டமே காரணம் என்று அரசு அமைத்த ஆய்வுக் குழுவே 2019இல் அறிவித்தது. நெதர்லாந்தின் குரோனிங்கனில் எரிவாயுவை எடுக்க எடுக்க நிலம் அமுங்கி நடுங்கியது, வீடுகள் விரிசல் கண்டன. மக்கள் விடவில்லை. 2024இல் அந்த எரிவாயு வயல் மூடப்பட்டது. ஆண்டவன் செயல் என்று அவர்கள் அடங்கிப் போயிருந்தால் அது நடந்திருக்குமா?

மெட்ரோவை நினைத்து பூகம்ப பயம் வேண்டாம். சுரங்கம் ஓடுவது சில பத்து மீட்டர் ஆழத்தில். நிலநடுக்கம் பிறப்பது பெரும்பாலும் பல கிலோமீட்டர் ஆழத்தில். மீஞ்சூரில் நடந்த கேடு வேறு: அளவுமீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் புகுந்து கிணறுகள் உப்பாகிவிட்டன. விவசாயிக்கு அது பூகம்பத்துக்குக் குறைந்த இழப்பா? அதற்கும் மனிதன்தான் பொறுப்பு.

ஆனால் சென்னைக்கு நடுக்கமே வராது என்றும் எண்ணாதீர்கள். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட அதிர்வு இங்கும் உணரப்பட்டது. 2002இல் நம் நகரம் நிலநடுக்க அபாய வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து, அதைவிட அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. வீடு கட்டுகிறவர்கள், அந்த அபாயத்தைத் தாங்கும்படி கட்டடம் அமைகிறதா என்று பொறியாளரிடம் முதலில் கேட்க வேண்டும். சுரங்க வேலையால் உங்கள் சுவரில் விரிசல் தெரிந்தால், தேதியுடன் படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.