மூன்று மணித்தியால வேலையா?

கேள்வி: அண்ணை, ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறேன். ஊர் ஊராகப் போகும் இசைக்குழு ஒன்றில் சவுண்ட் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். இரவில் மூன்று மணித்தியாலம்தான் வேலையாம். போகலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: தம்பி, அந்த மூன்று மணித்தியாலம் சனம் பார்க்கிற நேரம். இரவு பாட்டு என்றால் விடியவே ஏ9 வீதியில் லொறிக்குள் இருப்பாய், பிறகு கோயில் வீதி மணலில் ஸ்பீக்கர் பெட்டி இறக்கி, ஜெனரேற்றருக்கு எர்த் கம்பி அடித்து (ஆவணியில் நம்முடைய மண் கல்லு மாதிரி, சுற்றிவர வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும்), மைக் எல்லாம் சோதித்து முடியப் பொழுது சாய்ந்துவிடும்.

ஆனால் ரசனையான வேலை. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீற்றர்தான் போகும். மேடையிலிருந்து 68 மீற்றர் தள்ளி இன்னொரு ஸ்பீக்கர் வைத்தால் அதை 0.2 நொடி பிந்திப் பேச விடவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் இருப்பவருக்கு ஒரே வரி இரண்டு தடவை கேட்கும்.

அம்ப்ளிஃபயரைக் கடைசியாகப் போடு, முதலில் நிற்பாட்டு. நான் ஒருமுறை மிக்சரை (மைக் சத்தங்களைக் கலந்து அம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற பெட்டி) முதலில் நிற்பாட்டி, 'டும்' என்று ஒரு ஸ்பீக்கர் போய், சம்பளத்தில் கழித்தார்கள். வயரை முழங்கையில் சுற்றாதே, உள்ளே செம்பு முறுகும்.

சரி, போ. ஆனால் போக முதல் இரண்டு விஷயம் கேள்: சாமான் ஏற்றி முடிகிற விடியப்புறம் மூன்று மணிக்கும் சேர்த்தா சம்பளம், திரும்பி வரும்போது லொறி ஓட்டுபவர் எப்போது நித்திரை கொள்கிறார்?