சம்பளம், சீட்டு, மச்சான் பையன்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு மேலாண்மை வாத்தியாரின் பதில்கள்

மேலாண்மைப் பாடம் நடத்துகிறவன் என்று தெரிந்ததும் பலர் முதலில் கேட்பது, "எந்த ஷேர் வாங்கலாம் சார்?" அது எனக்குத் தெரியாது. நல்லவேளை, இந்த முறை யாரும் கேட்கவில்லை. வந்த கேள்விகளில் எனக்குச் சொல்ல ஏதாவது இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (கரூர், ஜவுளி உற்பத்தியாளர்): சார், திரைச்சீலை, மேசை விரிப்பு செய்து ஏற்றுமதி பண்ணுகிறோம். எனக்கு 60 வயது தாண்டிவிட்டது. மகன் கனடாவில் செட்டில் ஆகிவிட்டான், வரமாட்டான். மகள் சி.ஏ. முடித்து சென்னையில் இருக்கிறாள், கல்யாணமாகிவிட்டது. வெளியாளை மேனேஜராகப் போட்டால் கணக்கில் கை வைத்துவிடுவானோ என்று பயம். மச்சான் பையனைப் போடலாமா?

பதில்: மச்சான் பையனுக்கு வேலை தெரியுமா தெரியாதா என்பதை நீங்கள் எழுதவே இல்லை. அவர் மச்சான் பையன் என்பதே தகுதியாகிவிட்டது. இதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பணத்தைச் சுருட்டியவன் மேல் வழக்குப் போட்டால் பல வருஷம் இழுக்கும் என்று தெரிந்த எந்த முதலாளியும் சொந்தக்காரனைத்தான் தேடுவார். திருடினாலும் ஒரு கல்யாண வீட்டில் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே, அந்தப் பயம்தான் உங்களுக்குக் காவல்.

ஆனால் அந்தக் காவலுக்கு நீங்கள் கொடுக்கும் விலை பெரிது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் ப்ளூமும் சக ஆய்வாளர்களும் மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பக்கம் உள்ள நெசவாலைகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். 17 கம்பெனிகள், 28 ஆலைகள், எல்லாம் குடும்பத் தொழில். சில ஆலைகளுக்கு மட்டும் ஆலோசகர்களை மாதக்கணக்கில் இலவசமாக அனுப்பினார்கள். அவர்கள் பெரிய வித்தை எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தத் தறி எப்போது நின்றது, ஏன் நின்றது என்று எழுதி வையுங்கள். நூல் ஸ்டாக்கை ரகவாரியாகக் கணக்கு வையுங்கள். துணியில் விழும் குறைகளை அன்றன்றைக்கே பதிந்து, அடுத்த நாள் உட்கார்ந்து பேசுங்கள். இவ்வளவுதான். முதல் வருஷத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் ஏறியது.

அதே ஆய்வில் வந்த இன்னொரு விஷயம்தான் உங்களுக்கானது. ஒரு கம்பெனி எவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது என்பது அதன் நிர்வாகத் திறமையோடு ஒத்துப்போகவில்லை. அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதோடுதான் ஒத்துப்போனது. மூன்று பிள்ளை பெற்றவர் மூன்று ஆலை வைக்கிறார், ஒரு பிள்ளை பெற்றவர் ஒன்றோடு நிற்கிறார் என்கிற மாதிரி. ஆர்டர் இருந்தாலும், கடன் கிடைத்தாலும், நம்பி விட ஆள் இல்லை.

இங்கே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கணக்கில் கை வைப்பார்களோ என்பதுதானே உங்கள் பயம்? கணக்கே படித்த மகளை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை? அவர் கரூருக்குக் குடிவர வேண்டாம். வங்கிக் கணக்கும் பில்களும் சென்னையிலிருந்தே பார்க்கக் கூடியவைதான். நேரம் ஒதுக்க முடியுமா என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.

முடியும் என்றால் மகளிடம் தணிக்கையைக் கொடுங்கள், வேலை தெரிந்த வெளியாளிடம் ஆலையைக் கொடுங்கள். நூலுக்கும் சாயத்துக்கும் ரேட் பேசுகிறவர் ஒருவர், பில்லைப் பாஸ் பண்ணுகிறவர் வேறொருவர், வங்கிக் கணக்கைச் சரிபார்க்கிறவர் மூன்றாமவர் என்று பிரித்து வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை மேனேஜரைக் கட்டாயமாக லீவில் அனுப்புங்கள். இது என் யோசனை இல்லை. முக்கியப் பொறுப்பில் இருக்கும் வங்கி ஊழியர்களை முன்கூட்டிச் சொல்லாமல் 10 வேலை நாளாவது லீவில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே விதி வைத்திருக்கிறது. ஆள் இல்லாத நாட்களில்தான் அவர் மூடி வைத்தது வெளியே வரும். இந்த ஏற்பாடு மச்சான் பையனுக்கும் பொருந்தும். அவரைப் போட்டாலும் இதைச் செய்யுங்கள்.

கேள்வி (கோவை, எச்.ஆர். பொறுப்பாளர்): எங்கள் ஆபீஸில் காலை 9:30-க்கு வருகிறவர்களே குறைவு. தாமதமாக வந்தால் 100 ரூபாய் பிடிக்கலாம் என்று எம்.டி. சொல்கிறார். பலன் இருக்குமா?

பதில்: இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் குழந்தைக் காப்பகங்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் குழந்தையைக் கூப்பிட்டுப்போகப் பெற்றோர் தாமதமாக வருகிறார்கள் என்று 10 ஷெக்கல் அபராதம் போட்டார்கள். தாமதமாக வருகிறவர்கள் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கானது! அதுவரை 'பாவம், டீச்சர் காத்திருப்பார்' என்று ஓடி வந்தவர்கள், 'காசு கட்டுகிறோமே' என்று நிதானமாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. உரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2000-த்தில் வெளியிட்ட ஆய்வு இது. உங்கள் ஆபீஸிலும் 100 ரூபாய் என்பது அரை மணி நேரத் தூக்கத்தின் விலையாகிவிடும். நல்ல சம்பளம் வாங்குகிறவருக்கு அது மலிவுதான்.

சட்டமும் இருக்கிறது. ஒரு சம்பளக் காலத்தில் அபராதம் சம்பளத்தின் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் பிடிக்கக் கூடாது. வசூலான பணம் ஊழியர் நலனுக்குத்தான் போக வேண்டும், எம்.டி.யின் கல்லாவுக்கு இல்லை. இதைச் சொன்னாலே அவருக்கு ஆர்வம் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன். அப்புறம், 9:30-க்கு அங்கே உண்மையில் ஏதாவது வேலை ஆரம்பிக்கிறதா என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

கேள்வி (சென்னை, ஜவுளிக்கடை விற்பனையாளர்): சார், கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். ஆனால் உட்கார்ந்தால் ஃப்ளோர் சூப்பர்வைசர் முறைக்கிறார். காலையிலிருந்து ராத்திரி வரை நின்று கால் வீங்குகிறது. உட்காரச் சட்டம் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான் அம்மா. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி தர வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று கொண்டுவந்தார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பே கேரளத்தில் வந்துவிட்டது. அது யாரும் தானாகக் கொடுத்தது இல்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்பவரும் அவர் கூட்டுச் சேர்த்த 'பெண்கூட்டு' அமைப்பும் பல வருஷம் போராடி வாங்கியது.

ஊழியர் நின்றுகொண்டே இருந்தால்தான் வாடிக்கையாளருக்கு மரியாதை என்று நம் கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். ஒரு புடவைகூட அதனால் கூடுதலாக விற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் புடவைக் கடைகளில் மணிக்கணக்கில் காத்திருக்கிற கணவன்தான். நாங்கள் மட்டும் உட்கார்ந்திருப்பதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லையே! தனியாகப் போய்ச் சூப்பர்வைசரிடம் சண்டை போடாதீர்கள், வேலைக்கு ஆபத்து. நான்கைந்து பேராகச் சேர்ந்து மேனேஜரிடம் பேசுங்கள். பலன் இல்லையென்றால் உங்கள் பகுதி தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம்.

கேள்வி (ஓசூர், இயந்திரத் தொழிற்சாலை ஊழியர்): இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைத்தால்தான் நாடு முன்னேறும் என்கிறார்களே, உங்கள் கருத்து என்ன?

பதில்: இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னதைக் கேட்கிறீர்கள். சொந்தக் கம்பெனிக்காக உழைப்பதும் மாதச் சம்பளத்துக்கு உழைப்பதும் ஒன்றா என்ற கேள்வியை விடுங்கள். கணக்கை மட்டும் பார்ப்போம். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்களின் வேலை நேரமும் உற்பத்தியும் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் பெண்கள். போர்க்காலம், யாரும் சோம்பி இருக்கவில்லை. அந்தப் பதிவுகளை ஜான் பென்காவல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் ஆராய்ந்தார். வாரம் 50 மணி நேரம் வரை நேரம் கூடக் கூட உற்பத்தியும் கூடுகிறது. அதற்குமேல் தளர்கிறது. 70 மணி நேரம் வேலை செய்தவர்கள் முடித்தது, 56 மணி நேரம் வேலை செய்தவர்கள் முடித்ததைவிடப் பெரிதாக அதிகமில்லை. அந்த 14 மணி நேரம் யாருக்கும் லாபமில்லாமல் போயிற்று.

நம் மாநிலத்திலேயே 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்ததால் மே 1 அன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தியது 1923 மே 1. சரியாக 100 வருஷம் கழித்து, அதே நாளில், அதே 8 மணி நேரப் பேச்சு.

எட்டு மணி நேர ஷிப்டில் மெஷின் எத்தனை மணி நேரம் மெட்டீரியலுக்காகச் சும்மா நிற்கிறது? அதை உங்கள் ஆலையில் முதலில் எண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி (திருச்சி, இல்லத்தரசி): தெருவில் ஓர் அக்கா ஏலச்சீட்டு நடத்துகிறார். 20 பேர், மாதம் 5,000. சேரலாமா? வீட்டுக்காரர் பேங்க்கில் போடு என்கிறார்.

பதில்: சீட்டைத் திட்டும் படித்தவர்கள் பலர் அது எப்படி ஓடுகிறது என்று பார்த்ததே இல்லை. மாதம் 1 லட்சம் சேர்கிறது. அவசரத்தில் இருப்பவர் ஏலத்தில் 25,000 தள்ளி, அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்து, எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கைக்கு 75,000. தள்ளிய தொகையில் நடத்துகிறவர் கமிஷன் 5,000 போக மீதி 20,000. அதை 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,000 கழிவு. அந்த மாதம் நீங்கள் கட்டுவது 4,000. முன்னால் எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. சம்பளச் சான்றிதழ் இல்லாத ஒருவருக்கு எந்த பேங்க் மேனேஜர் ஒரே நாளில் 75,000 தருவார்?

சிக்கல் ஒன்றுதான். முதல் மாதங்களில் எடுத்தவர் அப்புறம் கட்டாமல் போனால், அல்லது அக்காவே ஊரைக் காலி பண்ணினால்? 1982-ஆம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டம் பதிவு செய்து நடத்தச் சொல்கிறது, கமிஷனுக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அது 7 சதவீதம். தெருச்சீட்டில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. எடுத்தவரிடம் ஜாமீன் கையெழுத்து வாங்குகிறாரா என்று அக்காவைக் கேளுங்கள். 'நம்ம ஆளுங்கதானே' என்று பதில் வந்தால் சேர வேண்டாம். பள்ளிக் கட்டணம் மாதிரித் தேதி தவறக் கூடாத பணத்துக்கு உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி.

கேள்வி (தாம்பரம், கால் சென்டர் ஊழியர்): வீட்டிலிருந்து நன்றாகத்தானே வேலை செய்தோம்? எல்லோரும் ஆபீஸுக்கு வா என்கிறார்கள். கண்ணில் பட்டால்தான் வேலையா?

பதில்: முதல் பதிலில் சொன்ன அதே ப்ளூம், சீனாவின் ஒரு பெரிய பயண நிறுவனத்தின் ஷாங்காய் கால் சென்டரில் 9 மாதம் சோதித்தார். வீட்டிலிருந்தவர்கள் 13 சதவீதம் அதிகம் வேலை செய்தார்கள், வேலையை விடுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆனால் அதே அளவு வேலை செய்தும் பதவி உயர்வு அவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது. ஆக, கண்ணில் படுவதற்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. சோதனை முடிந்ததும் வீட்டிலிருந்தவர்களில் பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பினார்கள், தனிமை தாங்கவில்லை. பின்னர் அதே நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து, வாரம் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ் என்று பார்த்தார்கள். வேலையும் குறையவில்லை, பதவி உயர்வும் பாதிக்கவில்லை, ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்த இரண்டு நாளைக் கேட்டுப் பாருங்கள், கிடைக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி (திருநெல்வேலி, பி.காம். மாணவர்): எம்.பி.ஏ. படித்தால் பிரயோஜனம் உண்டா சார்?

பதில்: எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்தது, தம்பி. என் பிழைப்பே இதுதான் என்பதால் என் பேச்சைப் பாதி தள்ளுபடி பண்ணிக் கேளுங்கள். கல்லூரிகள் 'அதிகபட்சச் சம்பளம்', 'சராசரிச் சம்பளம்' என்று பேனர் வைக்கும். ஒரு பையனுக்கு 40 லட்சம், ஒன்பது பேருக்கு 3 லட்சம் என்றால் சராசரி 6 லட்சத்து 70 ஆயிரம். அந்தச் சம்பளம் அங்கே ஒருவருக்கும் கிடைக்கவில்லை. வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கிறவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். வேலை கிடைக்காதவர்களையும் அந்த வரிசையில் சேர்த்தீர்களா என்றும் கேளுங்கள். படிப்புக் கடனின் தவணை அந்த நடுச் சம்பளத்தில் அடங்காது என்றால், இரண்டு வருஷம் ஒரு ஆடிட்டர் ஆபீஸிலோ தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனியிலோ வேலை பார்த்துவிட்டு வாருங்கள். எம்.பி.ஏ. சேருவதற்கான கேட் (CAT), டான்செட் நுழைவுத் தேர்வுகள் வருஷாவருஷம் நடக்கின்றன.