மாமனாரா, மாமாவா?

கேள்வி: 'மோபி டிக்' நாவலை எழுதிய ஹெர்மன் மெல்வில்லின் மாமனார் லெமுவேல் ஷா, தொழிலாளர் பக்கம் நின்ற நீதிபதியாமே?

பதில்: மாமனாரா? நம்ம ஊர்க் கணக்கில் மாமாவே ஆகியிருக்க வேண்டியவர். மெல்வில்லின் அத்தை நான்சிக்கும் ஷாவுக்கும் நிச்சயமாகியிருந்தது. 1813ல் அந்தப் பெண் இறந்துபோனார். பிறகு ஷா வேறிடத்தில் மணம் முடித்தார்; அவர் மகள் எலிசபெத்தை 1847ல் மெல்வில் கட்டினார். அத்தை பிழைத்திருந்தால் அசல் முறைப்பெண்! மாப்பிள்ளை முறுக்கும் கிடையாது: கல்யாணத்துக்கு முந்தின வருஷமே முதல் நூலை ஷாவுக்குச் சமர்ப்பித்துவிட்டார். பிட்ஸ்ஃபீல்டில் பண்ணை வாங்கப் பணம், 1856ல் எருசலேம்வரை போய்வரச் செலவு, எல்லாம் மாமனார் கொடுத்ததுதான்.

சரி, தொழிலாளர். ஷா 1830 முதல் 1860 வரை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதி. உங்களிடம் சொன்னவர் அந்தக் கோர்ட்டின் தீர்ப்புகளை மெட்காஃப் என்பவர் தொகுத்த திரட்டின் நாலாம் தொகுதியில் 111ஆம் பக்கத்தை மட்டும் படித்திருக்கிறார். 1842, ஹண்ட் வழக்கு: பாஸ்டனில் பூட்ஸ் தைப்பவர்கள் சங்கம் வைத்து, 'சங்கத்தில் சேராதவனை வைத்திருக்கும் முதலாளியிடம் வேலை செய்யமாட்டோம்' என்றது சதிக்குற்றமல்ல என்ற தீர்ப்பு.

அதே தொகுதி, 49ஆம் பக்கம்: ஃபார்வெல் வழக்கு. நாளுக்கு 2 டாலர் கூலி வாங்கிய ரயில் எஞ்சின் டிரைவர். 1837ல் பாயிண்ட்ஸ்மேன், அதாவது வண்டியைத் தடம் மாற்றிவிடும் ஆள், தண்டவாளத்தைத் தப்பாக விட்டதில் வண்டி தடம்புரண்டு வலது கை நசுங்கிப்போனது. பயணியாக இருந்தால் கம்பெனிமேல் வழக்குப் போடலாம். டிரைவருக்கு ஒரு சென்ட்கூட இல்லை. ஆபத்துக்கும் சேர்த்துத்தான் கூலி, சக வேலையாளை வேலையாளே கவனித்துக்கொள்ளட்டும் என்றார் ஷா. ஓடுகிற எஞ்சினில் நிற்பவன் தூரத்தில் நிற்கும் பாயிண்ட்ஸ்மேனை எப்படிக் கவனிப்பது? இரண்டும் வேறு வேறு பிரிவு என்று வக்கீல் வாதாடிப் பார்த்தார்; பிரிவுக்கு எங்கே கோடு கிழிப்பது என்று கேட்டு ஷா ஒதுக்கிவிட்டார். 'தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்?' என்கிற இந்த வாதத்தை இந்தப் பக்கத்தில் பலமுறை திட்டியாயிற்று. இன்னொரு முறையும் திட்டிவைக்கிறேன். அதைத் தளர்த்த அந்த மாநிலச் சட்டசபைக்கு 1887 ஆயிற்று.

'மோபி டிக்' வந்த 1851ல், தப்பிவந்த அடிமை தாமஸ் சிம்ஸைப் பாஸ்டன் கோர்ட்டில் அடைத்து, கட்டடத்தைச் சுற்றிச் சங்கிலி கட்டினார்கள். எழுபது வயது தலைமை நீதிபதி அதன் அடியில் குனிந்துதான் உள்ளே போனார். சிம்ஸை விடுவிக்க மறுத்துவிட்டார்.